சாமி அலுமாரியும் ஒரு ஸ்கொட்லாந்துச் சொல்லும்

மொன்றியலில் யூலை முதலாந் திகதி கனடா நாட்டின் பிறந்தநாள் என்று கலண்டர் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். நகரத்தில் பாதிப் பேருக்கு அது வீடு மாறும் நாள். வாடகை ஒப்பந்தங்கள் எல்லாம் அதற்கு முதல்நாளோடு முடிந்துவிடும். ஒரு குடும்பம் படியிறங்க, அடுத்த குடும்பம் படியேற, நடுப்படியில் இரண்டு சோபாக்கள் முட்டிக்கொண்டு நிற்கும். கொண்டுபோக மனமில்லாததை எல்லாரும் நடைபாதையில் வைத்துவிட்டுப் போவார்கள். அங்கே கிடப்பதை யாரும் தூக்கிக்கொண்டு போகலாம், கேட்கத் தேவையில்லை. இது எங்கும் எழுதி வைக்காத சட்டம். எழுதி வைத்த பல சட்டங்களைவிட ஒழுங்காக நடக்கும் சட்டம்.

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் பத்து வருசம் குடியிருந்த யாழ்ப்பாணத்து ஆனந்தராசாவுக்கு இது தெரியாததல்ல. அவர் வீட்டுக் கதிரைகளில் இரண்டு அப்படி வந்தவைதான். ஆனால் மனிதர் அதைவிடப் பெரிய சட்டப்புத்தகம் ஒன்றை நம்பியிருந்தார். அது பஞ்சாங்கம்.

2006ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி சனிக்கிழமையில் வந்து தொலைத்தது. சனிக்கிழமையில் ராகு காலம் ஒன்பதுக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடியும். வாடகை ட்ரக்கோ ஒன்பதரைக்குத்தான் வருவேன் என்றது. பத்தரைக்குப் பிறகு வரச் சொன்னால் அன்றைக்கு ட்ரக்கே கிடையாது. மொன்றியல் ட்ரக் ஓட்டுநருக்கு ராகுவையும் தெரியாது, கேதுவையும் தெரியாது. ஆனந்தராசா இரண்டு இரவு தூக்கமில்லாமல் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பரஸ்தானம் வைப்பம்," என்று மனைவியிடம் சொன்னார். "நல்ல நேரத்துக்குள்ள ஒரு சாமானை வீட்டுக்கு வெளியில வைச்சிட்டமெண்டால் பயணம் துவங்கின மாதிரித்தான். பேந்து ட்ரக் எப்ப வந்தாலென்ன?"

"என்ன சாமானை வைக்கப் போறியள்?" என்று கேட்டாள் புஷ்பவதி.

"வேறென்ன, சாமியைத்தான்."

அவர் சாமி என்று சொன்னது சாமி அலுமாரியை. இடுப்பளவு உயரம், கண்ணாடிக் கதவு இரண்டு, உள்ளே பிள்ளையார், முருகன், லட்சுமி, ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. முறைப்படி பார்த்தால் பரஸ்தானப் பொருளை அயல்வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அயலெல்லாம் தானும் வீடு மாறிக்கொண்டிருந்தது. மாறாத ஒரே ஆள் கீழ்வீட்டு மக்கின்டயர் கிழவர். அவர் பல்கனியில் வைக்கலாம்தான், ஆனால் அவர் காலையில் பன்றியிறைச்சி பொரிக்கும் வாசம் பிள்ளையாரின் மூக்குக்கு நேரே போகும். அந்த நீளமான மூக்கை நினைத்து ஆனந்தராசா அந்த யோசனையைக் கைவிட்டார். எட்டரைக்கு அலுமாரியைத் தூக்கிக்கொண்டு வெளிப்படிகளில் இறங்கி, மேப்பிள் மரத்தடியில், நடைபாதையில், துவைத்த வேட்டி ஒன்றை விரித்து அதன்மேல் வைத்தார். கற்பூரம் கொளுத்தினார். கும்பிட்டார். பயணம் தொடங்கிவிட்டது.

"நான் ஜோன்-டலோன் றோட்டுக்குப் போய் ட்ரக்கைக் கூட்டிக்கொண்டு வாறன். அவன் இந்த நெரிசலுக்க றோட்டைப் பிழை விட்டிடுவான். நீர் மேல ஜன்னலில நிண்டு சாமியைப் பாத்துக்கொள்ளும்," என்று சொல்லிவிட்டு, மகள் பிரஷாந்தினியையும் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைக்கு ஏழு வயது. பிரெஞ்சில் ட்ரக்குக்காரனோடு கதைக்க அப்பாவைவிட அவள்தான் தோது.

புஷ்பவதி ஜன்னலடியில் நின்றாள்.

அவளுக்கு இந்த வீட்டை விட்டுப் போக விருப்பமில்லை. வீடு என்ன பெரிய வீடு, குளியலறைக் கதவு ஒழுங்காகச் சாத்தாது, குளிர்காலத்தில் குழாய் முனகும். ஆனால் கீழே இறங்கினால் பத்தடிக்கு ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிடுகிற தெரு. அடுத்த தெருவில் அவள் வேலை செய்யும் கார்டெரி. அங்கே காலையில் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகள் அவள் மடியில் ஏற அடிபடுவார்கள். அந்த வேலையையும் விட வேண்டும். ஆனந்தராசாவுக்கு வேலை லொங்குய்யில், ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கேயே ஒரு வீடும் வாங்கிவிட்டார். முற்றம், கார் நிறுத்த இடம், ஏறியிறங்கப் படிகள் இல்லாத வீடு. அவர் முழங்கால் வலியோடு பத்து வருசம் ஏறியிறங்கிய படிகளை நினைத்தால் அவர் ஆசையில் பிழை சொல்ல முடியாது. அதுதான் புஷ்பவதிக்குப் பெரிய இடைஞ்சல். சண்டை பிடிக்க ஒரு நல்ல காரணம்கூட மனிதர் வைக்கவில்லை.

அப்போதுதான் தெருமுனையில் கதிர்காமத்தம்பி வந்தார்.

மட்டக்களப்பு ஆள். அறுபது தாண்டியவர், பொத்தான் போட்ட வெள்ளைச் சேட், காலில் செருப்பு, கையில் ஒரு தள்ளுவண்டி. ஒவ்வொரு யூலை முதலாந் திகதியும் விடியலில் இறங்கி, நடைபாதையில் கிடக்கும் மேசை, கட்டில், தொட்டில் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி, புதிதாக வந்த அகதிக் குடும்பங்களின் வீடுகளில் கொண்டுபோய் இறக்குவார். அந்தப் பகுதியில் பாதி வீடுகள் அவர் கை பட்டு நிறைந்தவை. தனக்கென்று ஒரு கரண்டிகூட எடுக்கமாட்டார்.

மேப்பிள் மரத்தடியில் வந்ததும் நின்றார். அலுமாரிக்குள் குனிந்து பார்த்தார். பார்த்தவர் செருப்பைக் கழற்றிவிட்டார். சாமியை இப்படித் தெருவில் விட்டுப்போகவும் ஆட்கள் இருக்கிறார்களா என்று திகைத்த முகத்தோடு நிமிர்ந்து மேலே பார்த்தார். ஜன்னலில் புஷ்பவதி நின்றாள். கையை விரித்து, நாடியை உயர்த்தி, எடுக்கட்டுமா என்று கேட்டார்.

ஒரு சொல் போதும். "அண்ணை, அது எங்கட" என்றால் முடிந்துபோயிற்று.

புஷ்பவதி தலையாட்டவில்லை. வேண்டாம் என்று கையும் காட்டவில்லை. சாமி இல்லாமல் இந்த மனிசன் புதுவீட்டு வாசலை மிதிக்கமாட்டார் என்ற நினைப்பு எங்கிருந்தோ வந்து மனதில் குந்திக்கொண்டது. மத்தியானம் இதே வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வரப்போகிறது, போகாமல் எங்கே இருப்பது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாமலில்லை. ஆசை வந்த மனம் கணக்குப் பார்க்குமா? திரைச்சீலையை இழுத்துவிடலாம் என்றால் அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டாயிற்று. அதனால் தானே விலகிப் போய் வெறும் குசினியில் நின்றாள். திரும்பி வந்து பார்த்தபோது மரத்தடியில் வேட்டி மட்டும் கிடந்தது.

ட்ரக் வந்தது. ஆனந்தராசா முன்சீட்டிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கினார். அந்தச் சிரிப்பு நடைபாதைக்கு வந்து சேரவில்லை.

"சாமி எங்க?"

புஷ்பவதி படியிறங்கி வந்தாள். "நான்... குசினிக்குப் போயிட்டு வாறதுக்குள்ள..."

"ஐயோ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு அவர் அந்த வேட்டியிலேயே உட்கார்ந்துவிட்டார். "துவங்கின பயணத்தில சாமியே களவு போச்சுதே! இனி நான் எந்த முகத்தோட அந்த வீட்டுக்குப் போறது?"

"சாமி போகாத வீட்டுக்கு எப்பிடிப் போறது," என்றாள் புஷ்பவதி. எவ்வளவு லேசாக அந்தச் சொல் வாயில் வந்தது என்று அவளுக்கே பயமாக இருந்தது.

சத்தம் கேட்டு மக்கின்டயர் பல்கனிக்கு வந்தார். கையில் தேத்தண்ணிக் கோப்பை. அபர்டீனில் பிறந்து, அங்கே வழக்கறிஞராக இருந்து, பிறகு எதற்காகவோ கடல் கடந்து இந்தத் தெருவுக்கு வந்து நாற்பது வருசம் இருந்துவிட்ட மனிதர். ஒரு பெரியவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதைத் தான் பார்த்ததாகவும், வெறுங்காலோடு மிக மரியாதையாக ஏற்றியதால் அவருடையதென்று நினைத்துவிட்டதாகவும் ஆங்கிலத்தில் சொன்னார்.

"கதிர்காமத்தம்பி!" என்று ஆனந்தராசா துள்ளி எழுந்தார். "ஊருக்கு உபகாரி எண்டு சொல்லிக்கொண்டு திரியிறது, சாமியைக் களவெடுக்கிறது! பொலிசைக் கூப்பிடப் போறன்."

"பொறும்," என்றார் மக்கின்டயர். அவருக்கு வெகுநாளைக்குப் பிறகு ஒரு வழக்குக் கிடைத்திருந்தது, முகம் அப்படி ஒளிர்ந்தது. "இதற்கு எங்கள் பழைய சட்டத்தில் ஒரு சொல் உண்டு. ஸ்பூலி."

"ஸ்பூலி?" என்றாள் பிரஷாந்தினி. ஐஸ்கிறீமின் பெயர்போல இருந்தது அவளுக்கு.

"ஒருவர் கைவசம் இருந்த பொருளை அவர் சம்மதமில்லாமல் தூக்கிக்கொண்டு போவது. எங்கள் ஆட்கள் மாட்டைக் கொண்டுபோவார்கள், கதவு ஜன்னலைக்கூடக் கழற்றிக்கொண்டு போவார்கள். அதற்கென்றே ஒரு சட்டம். முதலில் எடுத்ததை எடுத்த இடத்தில் வை. அது யாருடையது, ஏன் எடுத்தாய் என்ற வாக்குவாதமெல்லாம் அதற்குப் பிறகுதான். பொருள் திரும்பாமல் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது."

பிரஷாந்தினி இதைத் தமிழும் பிரெஞ்சும் கலந்து அப்பாவுக்குச் சொன்னாள். ஆனந்தராசாவுக்கு அது பிடித்துப்போயிற்று, பஞ்சாங்கத்தில் ஒரு விதி போலவே இருந்தது. புஷ்பவதிக்கு, 'சம்மதம்' என்ற ஒரே சொல் முள்ளாகக் குத்தியது. அவள் கார்டெரியில் ஆங்கிலமும் கதைக்கிறவள், அந்தச் சொல் அவளுக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியிருந்தது.

கதிர்காமத்தம்பியைத் தேடுவது பெரிய வேலையாக இருக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி, நிலக்கீழ் வீடொன்றின் வாசலில் அவருடைய வண்டி நின்றது. உள்ளே ஜெகதீஸ்வரி என்ற இளம் பெண். திருகோணமலையிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு போன குளிர்காலத்தில் வந்து சேர்ந்தவள். வீட்டில் ஒரு மெத்தையும் ஒரு மேசையும் தவிர ஒன்றுமில்லை. சுவரோரத்தில் சாமி அலுமாரி. குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜெகதீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"கதிர்காமத்தம்பி அண்ணை கொண்டுவந்து தந்தவர் அக்கா," என்றாள் புஷ்பவதியைப் பார்த்து. "இந்த நாட்டுக்கு வந்த நாளிலயிருந்து நான் விளக்கு வைக்கேல்ல. இண்டைக்குச் சாமி தானா நடந்து வந்த மாதிரிக் கிடக்கு."

ஆனந்தராசா ஒரு கணம் தடுமாறினார். ஆனாலும் வந்த கோபத்தை அப்படியே திருப்பிக் கொண்டுபோக அவருக்குத் தெரியாது. "தானா நடக்கேல்ல, களவெடுத்தது," என்றார். "அண்ணை, தூக்குங்கோ. எடுத்த இடத்தில வையுங்கோ. பேந்து கதைப்பம்."

கதிர்காமத்தம்பி அலுமாரியின் முன்னால் குனிந்தார். விளக்கைக் கும்பிட்டு அணைத்தார். அலுமாரியை வண்டியில் ஏற்றினார். தெருவெல்லாம் பார்க்க, வண்டி கடகடவென்று முன்னால் போக, பின்னால் ஆனந்தராசா, அவருக்குப் பின்னால் ஜெகதீஸ்வரியும் பிள்ளைகளும், இன்னும் வழியில் சோபாவைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஒரு தேர் போனதுபோலத்தான் இருந்தது, மேளம்தான் இல்லை. புஷ்பவதி கடைசியாக நடந்தாள்.

மேப்பிள் மரத்தடியில் அதே வேட்டியில் அலுமாரி வைக்கப்பட்டது. மக்கின்டயர் பல்கனியிலிருந்து பார்த்து, கொஞ்சம் இடப்பக்கம் என்று கைகாட்டினார். இடப்பக்கம் நகர்த்தினார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு மாணவச் சோடி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தது. பெண் அலுமாரியைத் தடவிப் பார்த்து, "இது இலவசமா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"நோன்!" என்று யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் திருகோணமலையும் ஸ்கொட்லாந்தும் ஒரே குரலில் கத்தின. சோடி பயந்து ஓடியது. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஆனந்தராசா மட்டும் சிரிக்கவில்லை.

"இப்ப சொல்லுங்கோ அண்ணை. விளக்கோட, படத்தோட, வேட்டி விரிச்சு வைச்ச சாமியைப் பாத்தால் குப்பை மாதிரியோ கிடந்தது? கேக்காமல் கொள்ளாமல் எப்பிடி எடுத்தனீங்கள்? இத்தனை வருசமா இப்பிடித்தானோ? இந்தத் தெருவில எத்தினை பேரின்ர சாமான் உங்கட வண்டியில போயிருக்குது?"

கதிர்காமத்தம்பியின் முகம் கறுத்தது. யாருடைய வீட்டிலும் ஒரு வாய் தண்ணீருக்கு மேல் வாங்கிக் குடிக்காத மனிதர் அவர். மெல்ல நிமிர்ந்து புஷ்பவதியைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு பார்வையை எடுத்து நிலத்தில் வைத்துக்கொண்டார்.

"கேட்டிருக்கணும் மனே," என்றார். "என்ட பிழைதான். மன்னிச்சிக்க."

கேட்டார். ஜன்னலைப் பார்த்துக் கேட்டதை அவளும் அவரும் தவிர ஒருவரும் அறியார். புருசன் பெண்சாதிக்குள் சண்டை வரக்கூடாது என்பதற்காக ஒரு நல்ல மனிதர் தெருவின் நடுவில் கள்ளன் என்ற பட்டத்தை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். வாய் திறந்தால் புஷ்பவதி புருசனுக்கு என்ன பதில் சொல்வது? திறக்காவிட்டால் இந்தத் தெருவில் இனி எந்த முகத்தோடு நிற்பது? எந்தத் தெருவுக்காக இவ்வளவு செய்தாளோ, அந்தத் தெருவிலேயே தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

"அவர் கேட்டவர்," என்றாள்.

ஆனந்தராசா திரும்பினார்.

"கதிர்காமத்தம்பி அண்ணை என்னைக் கேட்டுத்தான் எடுத்தவர். நான் ஜன்னலில நிண்டனான். வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. பாத்துக்கொண்டு உள்ளுக்குப் போனனான். களவெடுத்தது அவரில்லை."

மக்கின்டயருக்குச் சிறுமி மெல்லச் சொன்னாள். கிழவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்படியானால் ஸ்பூலி இல்லை," என்று முணுமுணுத்தார், வழக்குத் தோற்ற முகத்தோடு.

"ஏன்?" என்று கேட்டார் ஆனந்தராசா. கோபம் எங்கோ போய்விட்டிருந்தது.

"எனக்குப் போக விருப்பமில்லை."

"அதை வாயைத் திறந்து சொல்லக்கூடாதோ?"

"சொன்னனான். வீடு பாக்கப் போன அண்டைக்கும் சொன்னனான், கையெழுத்து வைக்கப் போன அண்டைக்கும் சொன்னனான். நீங்கள் முற்றத்தில தக்காளி நடுறதைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள். அங்க எனக்கு ஆர் இருக்கினம்? நீங்கள் வேலைக்கு, பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு. நான் அந்த முற்றத்தைப் பாத்துக்கொண்டு இருக்கோணும்."

ஆனந்தராசா காது கேளாதவர் என்று சொல்ல முடியாது. தனக்கு வேண்டிய சத்தத்தை மட்டும் கேட்கிற காது அவருக்கு. இன்று வேறு சத்தமில்லாமல் தெருவே நின்று கேட்டதால், அவருக்கும் கேட்டுவிட்டது. அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு ஜெகதீஸ்வரியின் சின்னப் பிள்ளை கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்திப் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்தார்.

தெருவில் இன்னொரு ட்ரக் வந்து ஹோர்ன் அடித்தது. புதுக் குடித்தனம் நேரத்தோடேயே வந்துவிட்டது. ஒரு பஞ்சாபிக் குடும்பம், மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறத் தயாராக நின்றது. மேல்வீடு இனி இவர்களுடையதல்ல. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஆனந்தராசா கதிர்காமத்தம்பியிடம் போனார். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அண்ணை, நான் கதைச்சது பிழை. நாலு பேருக்கு முன்னால கதைச்சனான், நாலு பேருக்கு முன்னாலயே மன்னிப்புக் கேக்கிறன்." பிறகு குனிந்து அலுமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். "மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ. ஜெகதீஸ்வரி வீட்டில திருப்பி வைப்பம்."

"உங்கட புதுவீட்டுக்கு மனே?"

"எங்களுக்கு நான் வேற ஒண்டு வாங்கிறன்."

புஷ்பவதிக்கு விளங்கவில்லை. பஞ்சாங்கம் பார்க்காமல் தலைமயிர் வெட்டாத மனிதர். "சாமியை விட்டிட்டோ போறியள்?" என்று கேட்டாள்.

"விட்டிட்டுப் போகேல்லை," என்றார். முழங்கால் வலிக்க மெல்ல நிமிர்ந்தார். "இது எங்கட சாமி. இஞ்ச இருக்கட்டும். வெள்ளிக்கிழமையில நீர் வந்து விளக்கேத்தத்தானே வேணும்? கார்டெரி வேலையையும் விட வேண்டாம். மெத்ரோ இருக்குதுதானே, காலமை நானே ஸ்டேசனில கொண்டுவந்து விடுறன். வெள்ளியில வேலை முடிய விளக்கேத்திப்போட்டு, இவையோட இருந்து கதைச்சுப்போட்டு, ஆறுதலா வாரும். அண்டைக்கு நான் சமைக்கிறன்."

அவர் சமையல் எப்படி இருக்கும் என்று தெருவுக்கே தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை.

ராகு காலத்தின் நட்டநடுவில் இரண்டு ஆண்களும் சாமியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஜெகதீஸ்வரி முன்னால் ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள். புஷ்பவதி மரத்தடியில் நின்று அழுதாள், இந்த முறை யாரும் பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்தாள். வெற்று ட்ரக்கும் பெட்டிகளும் காத்துக்கொண்டிருந்தன. அவள் மேலே ஏறிப் போய் முதல் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினாள்.